ஆயில் பம்பை மாற்றச் சொல்வதற்கு முன்

உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது என் டீசல் காரின் சிவப்பு ஆயில் விளக்கு முதன்முறையாக மினுக்கி அணைந்தது. அன்று தொடங்கி வண்டி சரியாகி வீட்டுக்கு வந்து சேர 34 நாட்களும் 25,500 ரூபாயும் ஆயின. அந்தத் தொகையில் 15,000 ரூபாய், பழுதே இல்லாத ஆயில் பம்பை மாற்றுவதற்காக நான் கொடுத்தது. உண்மையான கோளாறு பம்புக்குக் கீழே, சேம்பருக்குள் இருந்தது. அதை யாரும் அளந்து பார்க்கவில்லை, அளக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. தேவிபட்டினம் முதல் சாயல்குடி வரை, பாம்பன் முதல் தனுஷ்கோடி வரை கார் வைத்திருப்பவர்களில் புதிதாக வாங்கியவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெட்ரோல் கார், டீசல் கார் இரண்டுக்கும் இது பொருந்தும்.

1. பம்ப் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

எஞ்சினின் அடியில் தொங்கும் தொட்டியைத்தான் நம் பட்டறைகளில் சேம்பர் என்கிறார்கள். சிறிய கார்களில் அதற்குள் மூன்று முதல் நான்கு லிட்டர் எண்ணெய் கிடக்கும். அந்த எண்ணெயில் முங்கியபடி ஒரு குழாய் இருக்கிறது. அதன் வாயில் கம்பிவலை ஒன்று உண்டு. அதுதான் ஸ்ட்ரெய்னர். பம்ப் அந்த வலை வழியாக எண்ணெயை உறிஞ்சி, ஃபில்டருக்குள் தள்ளி, அங்கிருந்து எஞ்சின் பிளாக்கினுள் உள்ள துளைகள் வழியாக, எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கும், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்கும், டர்போ இருந்தால் அதற்கும் அனுப்புகிறது.

இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் ஒன்றினுள் ஒன்று சுழலும் இரண்டு ரோட்டர்களைக் கொண்ட பம்பே இருக்கிறது. உள் ரோட்டருக்கு வெளி ரோட்டரை விட ஒரு பல் குறைவு. இரண்டின் மையமும் சற்றே விலகி இருக்கும். ஆகவே சுழலும்போது பற்களுக்கு இடையிலான இடைவெளி ஒரு பக்கம் விரிந்து எண்ணெயை உறிஞ்சுகிறது, மறுபக்கம் சுருங்கி அதை வெளியே தள்ளுகிறது. கிராங்க் ஷாஃப்ட் நேரடியாகவோ செயின் மூலமாகவோ இதைச் சுற்றுவதால், எஞ்சின் வேகம் கூடினால் பம்பின் வேகமும் கூடும். அழுத்தம் வரம்பு மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து, மிகுதி எண்ணெயைத் திருப்பி விட்டுவிடும்.

நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்ட செய்தி ஒன்று உண்டு. பம்ப் தள்ளுவது எண்ணெயை மட்டுமே; அழுத்தம் அதன் எதிரே உள்ள தடையால் பிறக்கிறது. தோட்டத்து ரப்பர் குழாயின் வாயைப் பெருவிரலால் அடைத்தால்தான் தண்ணீர் பீறிடும். விரலை எடுத்துவிட்டால் அதே மோட்டார் ஓடினாலும் தண்ணீர் சும்மா வழியும். கிராங்க் பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த இடைவெளிதான் இங்கே பெருவிரல். பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதானால், புத்தம் புதிய பம்பை மாட்டினாலும் அழுத்தம் ஏறாது. அதுபோலவே, உறிஞ்சும் வழி அடைபட்டிருந்தாலும் புதிய பம்ப் எதையும் சாதிக்காது.

2. சிவப்பு விளக்கு எரிந்த முதல் நிமிடம்

ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். "இன்னும் ஐந்து கிலோமீட்டர்தான், மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போய்விடலாம்" என்ற எண்ணமே எஞ்சினைக் கொல்கிறது. பெரும்பாலான கார்களில் இந்த விளக்கு 0.3 முதல் 0.5 பார் வரையிலான அழுத்தத்தில்தான் எரியும். அதாவது அழுத்தம் ஏறத்தாழ இல்லாமல் போன பிறகே எரியும். முன்கூட்டியே எச்சரிக்கும் விளக்கு என்று அதை நினைத்துவிடக் கூடாது. மஞ்சள் நிறத்தில் வரும் ஆயில் விளக்கு, அது உள்ள கார்களில், அளவு குறைந்ததைச் சொல்வது. அதற்குச் சற்று அவகாசம் உண்டு, சிவப்புக்கு இல்லை.

பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் எரிந்தால் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, இறக்கம் இருக்கும் பக்கமாக உருளவிட்டு, அபாய விளக்குகளைப் போடுங்கள். எஞ்சின் அணைந்ததும் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், ஆகையால் சாவி ஆன் நிலையிலேயே இருக்கட்டும்.

3. டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, எண்ணெய் மட்டம் காட்டும் கோலான டிப்ஸ்டிக்கை உருவி, ஒருமுறை துடைத்து மறுமுறை செருகிப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு லிட்டர் அளவுதான் வித்தியாசம். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் அதே தர எண்ணெயை ஊற்றி, கசிவைத் தேடுங்கள்.

மேல்கோட்டைத் தாண்டி இருந்தாலும் ஆபத்துதான். கிராங்க் எண்ணெயை அடித்து நுரையாக்கிவிடும். நுரையைத் தள்ளும் பம்பால் அழுத்தம் தர முடியாது. பி.எஸ்.6 புகை விதிப்படி வந்த டீசல் கார் வைத்துக்கொண்டு இராமேசுவரம் தீவுக்குள்ளேயே தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகை வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்வதற்குள் எஞ்சினை அணைத்துவிட்டால், எரியாத டீசல், எஞ்சின் எண்ணெயில் கலந்து அளவைக் கூட்டும், எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை வந்தால் எண்ணெயை உடனே மாற்றுங்கள்; வாரம் ஒருமுறையாவது இராமநாதபுரம் வரை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு வாருங்கள்.

4. எதையும் கழற்றுவதற்கு முன் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள்

நான் தவறவிட்ட படி இதுதான். சிவப்பு விளக்கை எரியவைக்கும் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அதே மரையில் கேஜ் என்னும் அழுத்த மீட்டரை மாட்டினால் உண்மை தெரிந்துவிடும். வேலை அரை மணி நேரம். எனக்கு 500 ரூபாய் ஆனது. சுவிட்சின் மரை வண்டிக்கு வண்டி மாறுபடும், ஆகவே பொருத்தமான அடாப்டர் பட்டறையில் இருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கேஜ் இல்லாத பட்டறையில் பம்ப் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

அளக்கும் முன் எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டும். ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். குளிர்ந்த எண்ணெய் தடிப்பாக இருப்பதால், பழுதுள்ள எஞ்சினும் காலையில் நல்ல அழுத்தம் காட்டும். துல்லியமான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பொதுவாக, சூடான எஞ்சின் ஐட்லிங்கில், அதாவது முடுக்காமல் ஓடும்போது, 1 பார் அளவும் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 3 பாருக்கு மேலும் காட்டினால் கவலை இல்லை. ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.

மீட்டர் சொல்வதை இப்படிப் படியுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், சுவிட்சோ அதன் வயரோ கெட்டிருக்கிறது. சில நூறு ரூபாயில் முடியும். குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்து, சூடானதும் ஐட்லிங்கில் விழுந்தால், எண்ணெய் நீர்த்திருக்கலாம், அல்லது பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கலாம். எவ்வளவு முடுக்கினாலும் தாழ்ந்த எண்ணிலேயே நின்றால், ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். முடுக்கும்போது ஏறி, பிறகு முடுக்கத்திலேயே இறங்கினால், பம்புக்கு வேண்டிய அளவு எண்ணெய் வந்து சேரவில்லை, ஸ்ட்ரெய்னரைச் சந்தேகியுங்கள்.

என் வண்டிக்கு நடந்தது கடைசியில் சொன்னதுதான். முதல் பட்டறை பம்பை மாற்றி, நான்காம் நாள் மறுபடி விளக்கு மினுக்கியபோது, மண்டபத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பார்க்கும் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் போனேன். அவர் பித்தளை அடாப்டர் ஒன்றைத் தேடி எடுத்து, மீட்டரை மாட்டி, எண்ணெய்க் கறை படிந்த கண்ணாடியை வேட்டி முனையால் துடைத்துவிட்டு, என்னை முடுக்கச் சொன்னார். ஐட்லிங்கில் 0.6. மூவாயிரம் சுற்றில் முள் 1.8 வரை ஏறியது. அங்கே நிற்காமல், நான் காலை எடுக்காதபோதே, மெல்ல 1.2-க்குச் சரிந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, பம்பு தள்ளத்தேன் செய்யும். உறிஞ்ச வழியில்லாட்டி அது என்ன செய்யும்? வண்டிய ஆஃப் பண்ணுங்க."

மீட்டர் காட்டுவதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். ஆவணங்களில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

5. சேம்பரை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள்

நான்கு மாதங்களுக்கு முன் வாலிநோக்கம் பக்கம் உப்பளச் சாலையில் ஒரு கல் சேம்பரில் அடித்திருந்தது. இராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் நெளிவை எடுத்து, கசியாமல் இருக்கச் சிலிகான் பேஸ்ட்டை அள்ளிப் பூசி மாட்டிக் கொடுத்திருந்தார்கள். மண்டபத்தில் சேம்பரை இறக்கியபோது ஸ்ட்ரெய்னரின் வலை முக்கால்வாசி மூடியிருந்தது. கறுத்த மசிக்கு நடுவே, வெந்த கணவாய்ச் சீவலைப் போலச் சாம்பல் நிறத்தில், நெளிநெளியாகச் சிலிகான் துண்டுகள். விரலால் இழுத்தால் ரப்பராக நீண்டது. பூசிய பேஸ்ட்டில் உள்பக்கமாகப் பிதுங்கியது உதிர்ந்து, எண்ணெயோடு மிதந்து, உறிஞ்சும் வாய்க்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

என் வண்டியில் பம்ப் எஞ்சினின் முன்பக்க மூடிக்குள் இருப்பதால், முதல் பட்டறையினர் சேம்பரை முழுவதும் இறக்காமல், முன்பக்கப் போல்ட்டுகளை மட்டும் தளர்த்திப் பம்பை மாற்றிவிட்டார்கள். அதனால் வலையை யாரும் பார்க்கவில்லை. "சேம்பரை முழுவதும் இறக்கி ஸ்ட்ரெய்னரைக் காட்டுங்கள்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எஸ்டிமேட்டிலும் எழுதி வாங்க வேண்டும்.

பேஸ்ட் பூசும்போது மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகச் சுற்றி வரப் பூசினால் போதும். பழைய பேஸ்ட்டை முற்றிலும் சுரண்டித் துடைத்த பிறகே புதியதைப் பூச வேண்டும். மாட்டியபின் டப்பாவில் குறித்துள்ள நேரம் வரை காயவிட்டே எண்ணெய் ஊற்ற வேண்டும். "உடனே ஊற்றலாம், ஒன்றும் ஆகாது" என்றால் மறுநாள் வந்து வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். சேம்பர் உள்நோக்கி நெளிந்திருந்தால் ஸ்ட்ரெய்னரின் வாய் தகட்டோடு ஒட்டி நிற்கும், அதுவும் அடைப்புதான். நெளிவை எடுக்க முடியாவிட்டால் சேம்பரை மாற்றுவதே நல்லது.

அதே வேளையில் பழைய ஃபில்டரை வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ பொடி மினுங்கினால் பேரிங் அரைபட்டிருக்கிறது. அப்போது பேச்சு பம்பைத் தாண்டி எஞ்சின் வேலைக்குப் போய்விடும். என் வண்டியில் கறுப்பு மசி மட்டுமே இருந்தது. அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது எனக்கு உயிர் வந்தது.

6. பம்பை மாற்றியே ஆக வேண்டுமானால்

கழற்றிய பம்பை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். ரோட்டருக்கும் மூடிக்கும் இடையிலான பக்கவாட்டு இடைவெளி 0.15 மில்லிமீட்டரையோ, வெளி ரோட்டருக்கும் கூட்டுக்கும் இடையிலானது 0.3 மில்லிமீட்டரையோ நெருங்கினால், பல சிறிய எஞ்சின்களில் அது தேய்மான எல்லை. உங்கள் எஞ்சினுக்கான எண்ணைக் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலும் பம்ப் போனதுதான்.

புதிய பம்பை மாட்டும்போது நடக்கும் பெரிய தவறு, அதை உலர்ந்தபடியே மாட்டுவது. பம்புக்குள் சுத்தமான எஞ்சின் எண்ணெயை நிரப்பிக் கையால் சுற்றிவிட்டு மாட்ட வேண்டும். பிறகு எரிபொருள் போகாதபடி தடுத்து, ஸ்டார்ட்டரை மட்டும் சில விநாடிகள் விட்டுவிட்டுச் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி கேஜ் மாட்டி அளந்து, அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

7. ஆவணங்கள், செலவு, நாட்கள்

சேம்பரில் கல் அடித்தால், அது சின்ன நெளிவாகத் தோன்றினாலும், அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நான் தெரிவிக்கவில்லை. நான்கு மாதம் கழித்துக் கேட்டபோது என் கோரிக்கை நிற்கவே இல்லை. முழுக் காப்பீடு இருந்தாலும், அடிபட்ட பிறகு எண்ணெய் இல்லாமல் ஓட்டியதால் எஞ்சின் கெட்டால் அதைப் பின்விளைவு இழப்பு என்று சொல்லி வழக்கமாக மறுப்பார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இருந்தால்தான் பேச இடமுண்டு. பழைய வண்டிகளுக்குப் பல நிறுவனங்கள் அதைத் தருவதில்லை. இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் சேதத்தைப் பார்ப்பதற்கு முன் சேம்பரை யாரும் கழற்றக் கூடாது. ஆர்.சி., பாலிசி, ஓட்டுநர் உரிமம், அடிபட்ட இடத்தின் படங்கள், பட்டறை எஸ்டிமேட் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருங்கள்.

பட்டறையில் வண்டியை விடும்போது கிலோமீட்டர் எண்ணோடு ஜாப் கார்டு வாங்குங்கள். பில்லில் பாகத்தின் எண் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீதம் வரி. பழைய 28 சதவீதத்தைப் போட்டிருந்தால் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். என் பழைய பம்பை நான் கேட்டு வாங்கியிருந்ததால், மண்டபத்தில் அதை அளந்து, தேய்மானமே இல்லை என்று காட்ட முடிந்தது. வீடியோவையும் பம்பையும் கொண்டுபோய் முதல் பட்டறையில் வைத்ததும் கூலியில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். அவர்கள் மறுத்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எண்ணியிருந்தேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும்.

திரும்பி வந்த பாதிக் கூலியைக் கழிக்காமல் எனக்கு ஆன கணக்கு இது: பம்ப் 5,400, எண்ணெயும் ஃபில்டரும் கேஸ்கெட்டும் 3,100, கூலி 6,500. இவை வீண். மண்டபத்தில் அளந்தது 500; புதிய ஸ்ட்ரெய்னர், பேஸ்ட், எண்ணெய், ஃபில்டர், கூலி எல்லாமாக 6,500. முதல் நாள் மண்டபம் பக்கமிருந்து இராமநாதபுரத்துக்கு வண்டியை ஏற்றிச் சென்றதற்கு 3,500.

நாட்களைப் பொறுத்தவரை, பாகம் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாட்கள் கூட்டிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் எஞ்சின் வேலைக்கு வந்துவிடும். லேத்தும் நல்ல மெக்கானிக்குகளும் கிடைப்பது அரிது. என் 34 நாட்களில் பாதி அப்படிக் கழிந்தது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களை ஒட்டி வண்டி ஏற்றும் லாரியும் எளிதில் கிடைக்காது.

8. இந்தக் கரையில் பம்பைக் காப்பது

கையேட்டில் உள்ள தரத்தை மட்டும் ஊற்றுங்கள். 5டபிள்யூ-30 என்று எழுதியிருந்தால் அதுதான். "நம்ம ஊர் வெயிலுக்குத் தடிப்பானதே நல்லது" என்று படகுக்கு ஊற்றும் எண்ணெயைக் காட்டுவார்கள். தடித்த எண்ணெய் மீட்டரில் எண்ணை உயர்த்திக் காட்டும், பேரிங்குக்குப் போய்ச் சேரும் அளவைக் குறைத்துவிடும். சில்லறையில் அளந்து விற்கும் எண்ணெய் வேண்டாம். முத்திரை உடையாத டப்பாவைப் பில்லோடு வாங்குங்கள். கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்று சொன்னாலும், தீவுக்குள் குறுகிய ஓட்டம் மட்டும் ஓடும் வண்டிக்கு நான் 7,000-த்தில் மாற்றிவிடுகிறேன். சேறாக மாறிய எண்ணெய்தான் வலையை முதலில் அடைக்கிறது.

வடித்த எண்ணெயை மணலிலோ ஓடையிலோ கொட்ட விடாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியக் கடல்சார் பூங்கா நம் வாசலில் இருக்கிறது; பழைய எண்ணெயை டப்பாவில் அடைத்து, அதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள்.

தகட்டுச் சேம்பருக்குப் பகை உப்பு. தனுஷ்கோடி, அரிச்சல்முனை போய்த் திரும்பினால், அதுவும் கச்சான் காற்றில் மணல் பறக்கும் மாதங்களில், அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பெயிண்ட் உரிந்த இடம் கண்ணில் பட்டால் தேய்த்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

பிரஷர் சுவிட்சின் இணைப்பில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். இதில் மறைந்த ஆபத்து ஒன்று இருக்கிறது. பல கார்களில் அந்த வயர் அறுந்தாலோ களிம்பேறி விட்டுப்போனாலோ விளக்கு எரியவே எரியாது. அழுத்தம் போனாலும் உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு காலையும் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு விநாடி பொறுத்து, சிவப்பு ஆயில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று விநாடிகளில் அது அணைய வேண்டும். எரியாவிட்டாலும், அணையாவிட்டாலும், அன்று வண்டியை வாசலை விட்டு எடுக்காதீர்கள்.